கடைசி ஷாட்டுக்கு ஒரு சுவர்

இந்தப் பக்கம் உக்காருங்கம்மா. அங்க ஏசி நேரா மூஞ்சியில அடிக்குது. நானும் உள்ளதான் இருந்தேன். இப்பத்தான் வெளிய அனுப்பினான், பெத்த மகன். “அம்மா, நீ கொஞ்ச நேரம் வெளிய உக்காந்திருக்கியா”ன்னான். அவன் அவ்வளவு மரியாதையாப் பேசினா உள்ளுக்குள்ள கொதிக்கிறான்னு அர்த்தம்.

நான் ஒண்ணுமே சொல்லல. சத்தியமாச் சொல்றேன். படத்துக்குக் குக்கர் சத்தம் ஒண்ணு போட்டாங்க. எங்க வீட்டுக் குக்கர் அப்படி விசிலடிக்காது, இழுத்து இழுத்து, மூச்சு முட்டின மாதிரி அடிக்கும். அதைச் சொன்னேன். அப்புறம் வாசக்கதவு கிரீச்சுன்னுச்சு. மாசாமாசம் அதுக்கு எண்ணெய் விடுறவ நான். கதவு கிரீச்சுன்னா பாக்குறவங்க என்னைப் பத்தி என்ன நெனப்பாங்க? அப்புறம் ஒரு காக்கா. மத்தியானம் ரெண்டு மணிக்கு எங்க தெருவுல காக்கா கத்தாது. மூணே மூணு விஷயம். சவுண்டு பாக்குறவரு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. நாயகம், அதான் எம்மகன், திரும்பி என்னைப் பாத்தான். நானே எந்திரிச்சு வந்துட்டேன்னு வச்சுக்கோங்க.

நீங்க டப்பிங் பேச வந்திருக்கீங்களா? அஞ்சு மணிக்கு உங்க படமா? அப்ப உங்களுக்காகத்தான் எங்களை இந்த விரட்டு விரட்டுறாங்க. உங்களைச் சொல்லல. நீங்க என்ன செய்வீங்க.

ஆனா இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள முடியலைன்னா எல்லாம் போச்சும்மா. ஏதோ வெளிநாட்டுல ஒரு படவிழா. படம் அரைகுறையா இருக்கும்போதே பாத்துட்டு வாங்கன்னுட்டாங்க. நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள முழுப்படம் போய்ச் சேரணும். சேரலைன்னா அந்த இடத்தை வேற படத்துக்குக் கொடுத்துருவாங்களாம். ரெண்டரை வருஷமா இந்த ஒரு படத்தைத்தான் கட்டிக்கிட்டு அழுறான். முப்பத்திமூணு வயசு. பொண்ணு பாக்கலாமான்னு கேட்டா, “படம் முடியட்டும்மா”ங்கான். படம் முடியுமான்னு கேட்டா அதுக்கும் மூஞ்சியத் தூக்குறான்.

நாங்க கோவில்பட்டி. அவன் பேரு கோமதிநாயகம். இங்க வந்து கோமதின்னு சுருக்கிட்டாங்க, யாராவது பொண்ணுன்னு நெனச்சுருவாங்கன்னு எனக்குக் கவலை. படம் அவங்கப்பாவைப் பத்தினது. அவுக மில்லுல வேலை பாத்தாக. மில்லு மூடினாங்க. மூடின அன்னைக்கு வீட்டுக்கு வந்து, சட்டையக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, நடுவீட்டுச் சுவத்துல தலையச் சாய்ச்சு உக்காந்தாக. ஒம்பது வருஷம் உக்காந்தாக. குடி கிடையாது, சீட்டு கிடையாது, ஒரு கெட்ட பேச்சு கிடையாது. நல்ல பேச்சும் கிடையாது. பேச்சே கிடையாது. நான் கடலைமிட்டாய் கம்பெனிக்குப் பாக்கெட் போடப் போவேன், வருவேன், பொங்குவேன். அவுக உக்காந்திருப்பாக. ஒருநாள் காலையில அங்கனயே போயிட்டாக. மூணு வருஷம் முடிஞ்சு நாலாவது நடக்குது.

இதுல என்ன படம் இருக்குன்னு கேக்குறீங்க. நானும் அதத்தான் கேட்டேன். “உக்காந்திருந்த மனுஷனை என்னல எடுப்ப? எந்திரிச்சு நாலு இடத்துக்குப் போனவுகளை எடு, பாக்க நல்லாருக்கும்”னேன். கேக்கல.

எங்க வீட்டுலயே எடுத்தான். ஆடி மாசம் இருபத்தியோரு நாள். என்னைய மாதிரி நடிக்கிறதுக்கு மதுரையில இருந்து ஒரு பொம்பள வந்தா, நாடகத்துல நடிக்கிறவ. நல்ல பிள்ளதான், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பா. ஆனா படத்துல அந்தச் சத்தம் போடுறா! அந்த மனுஷன் பாவம் போல உக்காந்திருக்காரு, இவ அடுப்படியில இருந்து கத்துறா, கத்துறா, பாத்திரத்தைப் போட்டு உருட்டுறா. நான் என்னைக்கும்மா கத்தினேன்? நாயகத்துக்கிட்ட கேட்டேன், “நான் என்னைக்குல கத்தினேன்?”னு. தெருவுல போன ரெண்டு பேர் நின்னு பாத்தாங்க. அவன் என் வாயைப் பொத்தாத குறை.

சரி, படம் எடுத்தாச்சு, கூட்டம் போயிருச்சு, வீடு நமக்குன்னு நெனச்சேன். அதுக்கப்புறந்தான் ஆரம்பம். நான்சின்னு ஒரு பிள்ள, தூத்துக்குடிப் பிள்ள, வெட்டி ஒட்டுறவ. எடிட்டருங்கான். நடுவீட்டுல ரெண்டு டிவியப் போட்டு, ஒயரா ஓட்டி, என் மிக்ஸிக்குப் பிளக்கு இல்லாமப் பண்ணிட்டாங்க. சட்னி அரைக்கணும்னா நான் அனுமதி கேக்கணும். நாலு மாசம்! ஒரு ஆளு சொம்பைத் தூக்குற இடத்தை நாலு நாள் பாத்துக்கிட்டு இருந்தாங்க. “முன்னாடி வெட்டலாமா, அப்புறமா வெட்டலாமா.” எனக்குத் தலை சுத்தும். “அந்தச் சொம்பை எடுக்காமயே விட்ருங்களேன்”னேன். நான்சி சிரிச்சா. நாயகம் சிரிக்கல.

அதுல ஒரு இடம் வரும். அவுகளா நடிச்சவரு, “வள்ளி, கொஞ்சம் தண்ணி கொண்டா”ம்பாரு. என் பேரு செண்பகவல்லி, அதைப் படத்துல வள்ளின்னு ஆக்கிட்டான். அதை ஒரு நாளைக்கு நாப்பது தடவை போடுவாங்க. வள்ளி, கொஞ்சம் தண்ணி கொண்டா. வள்ளி, கொஞ்சம். வள்ளி. நான் அடுப்படியில வெங்காயம் நறுக்கிக்கிட்டு இருந்தேன், ஏதோ நெனப்புல ஒரு சொம்புல தண்ணி மொண்டு கொண்டுபோய் நின்னுட்டேன். நான்சி, “ஆன்ட்டி, எனக்கா?”ன்னா. “ஆமா, உனக்குத்தான், வெயிலு”ன்னு கொடுத்துட்டு வந்தேன். அவுக ஒருநாளும் என்னைய வள்ளின்னு கூப்பிட்டது கிடையாது. “இந்தா” தான். அதுவும் எப்பவாவது. பொய்யா ஒரு பேரைக் கூப்பிட வச்சிருக்கான். எனக்கு அது பிடிக்கவே இல்ல.

கார்த்திகையில ஒருநாள் முழுப்படத்தையும் போட்டுக் காட்டினாங்க. “இன்னும் மியூசிக் சேக்கல, கலர் பண்ணல, அதை மனசுல வச்சுப் பாரும்மா”ன்னான். நான் எல்லாத்தையும் மனசுல வச்சுத்தான் பாத்தேன். ஆனா கண்ணுக்கு வேற ஒண்ணும் தெரியல. அந்தச் சுவரு. அவுக தலை சாய்ஞ்ச இடத்துல எண்ணெய்க் கறை. நேர்ல பாக்கையில அது பாட்டுக்கு ஓரமா இருக்கும். படத்துல பாத்தா, ஆத்தாடி, பானைக்கு அடி மாதிரி கன்னங்கரேல்னு. திரும்பத் திரும்ப அதத்தான் காட்டுறான். ஆளு உக்காந்திருந்தாலும் காட்டுறான், எந்திரிச்சுப் போனாலும் காட்டுறான். கடைசியில அவுக போனப்புறம் வெறும் சுவத்தைக் காட்டுறான், நாப்பது செகண்டு. படமே அதோட முடியுது.

வெளிநாட்டுக்காரன் பாப்பான். என்ன நெனப்பான்? இந்த வீட்டுப் பொம்பள ஒரு சுவத்தைக்கூடச் சுத்தமா வச்சுக்கலைன்னு நெனப்பானா மாட்டானா? நீங்களே சொல்லுங்க.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறது எல்லா வீட்டுலயும் உள்ளதுதானே. எங்க வீட்டுல மொத வருஷம் அவுக போன துட்டி, பொங்கலே இல்ல. ரெண்டாவது வருஷம் முடியல. மூணாவது வருஷம், என்னமோ, அடிக்கல. இந்த வருஷம் அடிச்சே தீருவேன்னு நின்னேன். நாயகமும் நான்சியும் டப்பிங்குக்காக மெட்ராஸ் வந்துட்டாங்க, எட்டு நாளு. இதுதான் சமயம்னு பெயிண்டரைக் கூப்பிட்டேன். அவரு சொன்னாரு, “எண்ணெய்க் கறை மேல சும்மா அடிச்சா மறுபடி பூத்துக்கிட்டு வரும், மதினி. சுரண்டித்தான் எடுக்கணும்.” சுரண்டுங்கன்னேன். சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, மேடு பள்ளம் தெரியாமப் பட்டி பாத்து, மேல பிஸ்தாப் பச்சை. ரெண்டு கோட்டு. நான் பக்கத்துலயே நின்னேன். சுரண்டச் சுரண்ட ஒரு வாடை வந்துச்சு, பழைய தலையணை வாடை. பெயிண்டரு டீ குடிக்கப் போனாரு. மிச்சத்தை நானே சுரண்டிட்டேன். ஆளுக்காகக் காத்துக்கிட்டு இருக்க முடியுமா?

நான் அவனுக்கு நல்லதுதான் செஞ்சேன். நாளைக்குப் படம் வந்தா நாலு பேரு வீட்டைப் பாக்க வருவாங்க. பளிச்சுன்னு இருக்கட்டும்னு.

பொங்கலுக்கு மொத நாளு வந்தான். தனியா வரல, நான்சியையும் கேமராக்காரரையும் கூட்டிக்கிட்டு வந்தான். இங்க பெரிய தெரையில போட்டுப் பாத்திருக்காங்க, அந்தக் கடைசி நாப்பது செகண்டு மங்கலா விழுந்திருக்கு. வீட்டு டிவியில தெரியலையாம். அது ஒண்ண மட்டும் திரும்ப எடுத்துட்டா படம் முடிஞ்சுதுன்னு வந்திருக்கான். வாசல்லயே நின்னுட்டான். நான் ஒண்ணும் தெரியாம, “எப்படில இருக்கு?”ன்னேன்.

சத்தம் போடல அவன். போட்டிருந்தா தேவல. செருப்பைக்கூடக் கழட்டாம வாசப்படியில உக்காந்துட்டான். நான்சிதான் உள்ள போய் அந்தச் சுவத்தைக் கையால தடவிப் பாத்தா. “சுரண்டிட்டீங்களா ஆன்ட்டி?”ன்னா. “நல்லாச் சுரண்டிட்டேன்”னேன். அவ போய்ப் பாத்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டா. கேமராக்காரரு மட்டும் பொங்கலுக்கு என்ன பலகாரம்னு கேட்டாரு. பாவம், என்ன கேக்குறதுன்னு தெரியல அவருக்கு.

கம்ப்யூட்டர்ல கறையப் போட முடியாதான்னு கேட்டுப் பாத்தாங்க. போடலாம், ஆனா கேமரா நகந்துகிட்டே இருக்கு, ரெண்டு மாசம் ஆகும்னுட்டாங்க. ரெண்டு மாசத்துல விழாவே முடிஞ்சிரும். சரின்னு பச்சையச் சுரண்டி, மறுபடி பழைய மாதிரியே நீலம் கலந்த சுண்ணாம்பு அடிச்சாங்க. மதுரையில இருந்து ஆர்ட் பாக்குறவரு வந்தாரு. எண்ணெயில கரியக் குழைச்சாரு, டீத்தண்ணியத் தெளிச்சாரு, பஞ்சால ஒத்தினாரு. வடை பொதிஞ்ச காயிதம் மாதிரி இருந்துச்சு. நான் வாயே தெறக்கல. அவராவே வந்து, “எப்படிம்மா இருக்கு?”ன்னாரு. கேட்டா சொல்லணுமில்ல.

“உசரம் தப்பு”ன்னேன். “அவுக சம்மணம் போட்டா இவ்வளவு, காலை நீட்டினா நாலு விரக்கட்டை கீழ. அதனால கறை ரெண்டு அடுக்கா இருக்கும். நீங்க ஒண்ணாப் போட்டுட்டீங்க.”

நாயகம் என்னைப் பாத்தான். பத்து நாளா என் மூஞ்சியப் பாக்காதவன். “அப்புறம்?”ன்னான்.

“நடுவுல இருக்காது கறுப்பு. வலது காதுப் பக்கம்தான் கூட இருக்கும். அவுக நேரா உக்காரவே மாட்டாக, எப்பவும் அடுப்படியப் பாத்து வலது பக்கமாச் சாய்ஞ்சுதான் உக்காருவாக.”

“ஏம்மா?”

“ஏன்னா? நான் குழம்பைத் தீய விடுறேனா, பாலைப் பொங்க விடுறேனான்னு பாக்கத்தான். ஒம்பது வருஷமும் வேவு பாத்தாக. நான் திரும்புனா டக்குனு ஜன்னலைப் பாப்பாக. எனக்குத் தெரியாதாக்கும்!”

நான்சி, “ஆன்ட்டி…”ன்னா. நாயகம் அவளைக் கையமத்தினான். அவன் கண்ணெல்லாம் ஒரு மாதிரி ஆயிருச்சு. தூக்கம் கெட்ட பிள்ள, எதுக்கெடுத்தாலும் கண்ணு கலங்குது. “இதை ஏம்மா நீ மொதல்லயே சொல்லல?”ன்னான். நீ எங்கல கேட்டன்னேன். கதை எழுதும்போது என்கிட்ட எல்லாம் கேட்டான், சம்பளம் எவ்வளவு, மில்லு மூடின தேதி என்ன, எல்லாம். அவுக தலை எந்தப் பக்கம் சாய்ஞ்சிருந்துச்சுன்னு கேக்கல.

ஆர்ட்டுக்காரரு மறுபடி செஞ்சாரு. சரியா வரல. எண்ணெய்க்கறை ஒரு நாள்ல வர்றதா? கடைசியில நாந்தான் சொன்னேன், “எல்லாரும் தள்ளுங்க, தலை வச்சாத்தான் தலைக்கறை வரும்”னு. தலை நெறைய நல்லெண்ணெயைத் தேச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். அவுக வளத்தி, அதனால ரெண்டு மணை போட்டு உக்காந்தேன். ஒம்பது நாளு. காலையில எட்டு மணிக்கு உக்காந்தா மத்தியானச் சோத்துக்கு எந்திரிப்பேன், மறுபடி உக்காருவேன். கழுத்து போச்சு, இடுப்பு போச்சு, மணையில உக்காந்து காலு மரத்துப் போச்சு. மிட்டாய் கம்பெனியில லீவு. வீட்டுல நான்சி சமைச்சா. அவ மீன்குழம்பு நல்லா வைக்கிறா, ஆனா அடுப்பைத் தொடைக்க மாட்டா. அதை எனக்கு அங்கன உக்காந்தே பாக்க முடிஞ்சுது. சொல்லாம இருக்க முடியுமா?

ஒரு வேடிக்கை கேளுங்க. ஒம்பது நாளும் அவுக மாதிரியே வலது பக்கம் சாய்ஞ்சு அடுப்படியப் பாத்துக்கிட்டே இருந்தேன். என்னத்தப் பாத்தாகன்னே தெரியலம்மா. ஒரு கேஸ் அடுப்பு, ஒரு சிமெண்ட் மேடை, நின்னு பொங்குறவ முதுகு. அவ்வளவுதான் தெரியுது. வேற ஒண்ணுமே இல்ல அங்க. இதை எப்படி ஒம்பது வருஷம் பாத்தாகளோ.

பத்தாம் நாளு எடுத்தாங்க. கறை அந்த அளவு பெருசா வரல. சின்னதாத்தான் வந்துச்சு, கொஞ்சம் ஆர்ட்டுக்காரரு கூட்டினாரு, மிச்சத்தைக் கலர் பாக்குற இடத்துல இருட்டாக்கிக்கிட்டாங்க. நாயகம் கேமராவோட இருந்த சின்ன டிவியில பாத்தான். பாத்துட்டு, “போதும்”னான். அவ்வளவுதான் சொன்னான். ஒம்பது நாள் உக்காந்தவளுக்கு ஒரு நன்றி கிடையாது. படத்துல கடைசியில பேர் போடுவாங்கல்ல, அதுல ‘சுவர்’னு எழுதி நேரா என் பேரைப் போட்டிருக்கான். கேலி பண்றானோ என்னமோ.

மணி என்ன? மூணே முக்காலா? இன்னும் அந்தக் கடைசி இடம் முடியலம்மா. நான் வெளிய வரும்போது அதுலதான் நின்னுக்கிட்டு இருந்தாங்க. வெறும் சுவரு, அதுக்கு என்ன சத்தம் போடுறதுன்னு தெரியல. புல்லாங்குழல் போட்டாங்க. சாமி படம் மாதிரி இருக்குன்னு எடுத்துட்டாங்க. மழை போட்டாங்க. கோவில்பட்டியில என்னைக்கு மழை பேஞ்சுது? நான் சொல்லல, மனசுல நெனச்சேன். சரி, மெதுவாச் சொன்னேன்.

இந்தா, கதவு தெறக்குது. நாயகந்தான். என்னல? …என்ன சத்தமா? அவுக உக்காந்திருக்கும்போது வீட்டுல என்ன சத்தம் கேக்கும்? வேற என்ன கேக்கும், நாந்தான் பேசிக்கிட்டு இருப்பேன்… என்னது? நானா? மைக்குலயா? ஏல, எனக்கு அதெல்லாம்… தொண்டை வேற கட்டியிருக்கு… இருங்கம்மா, இந்தப் பையப் பாத்துக்கோங்க. வந்துர்றேன்.

வந்துட்டேம்மா. பையிலயே மிட்டாய் இருந்துச்சு, எடுத்துச் சாப்பிட்டிருக்கலாமே நீங்க. இந்தாங்க.

முடிஞ்சுது. கால் மணி நேரங்கூட ஆகல. ஒரு சின்ன ரூமு, சுவரெல்லாம் மெத்தை ஒட்டியிருக்கு. உங்களுக்குத் தெரியாததா. காதுல ஒண்ண மாட்டி நிப்பாட்டிட்டாங்க. எதிர்ல தெரையில நம்ம சுவரு. சவுண்டு பாக்குறவரு, “வீட்டுல பேசுற மாதிரிப் பேசுங்கம்மா, கத்த வேண்டாம்”னாரு. நான் என்னைக்குக் கத்தினேன்? “யாரைப் பாத்துப் பேச?”ன்னு கேட்டேன். நாயகம் கண்ணாடிக்கு அந்தாண்ட நின்னு சுவத்தைக் காட்டினான்.

எங்க ஆரம்பிக்கன்னு தெரியல. அப்புறம் எப்பவும் ஆரம்பிக்கிற மாதிரியே ஆரம்பிச்சேன். “சோறு ஆறுது, எந்திரிச்சு வாங்க.” அவ்வளவுதான் சொல்ல நெனச்சது. ஆனா வந்துகிட்டே இருந்துச்சு. “எத்தனை தடவை கூப்பிடுறது, காது என்ன கடனுக்கா வாங்கினது, இன்னைக்கு உங்களுக்குப் பிடிச்ச சுண்டவத்தல் குழம்பு, பிடிச்சிருக்குன்னு நீங்க என்னைக்குச் சொன்னீங்க, தட்டைக் காலி பண்றதை வச்சு நானாத் தெரிஞ்சுக்கிட வேண்டியிருக்கு, சட்டையப் போடுங்க, கோயில் வரைக்கும் போயிட்டு வாங்க, சும்மா என் முதுகையே பாத்துக்கிட்டு இருந்தா…” இப்படியே போச்சு. தெரையில சுவரு போயி இருட்டாகிருச்சு. நான் பேசிக்கிட்டே இருக்கேன். யாராவது நிறுத்துவாங்கன்னு பாத்தா ஒருத்தரும் நிறுத்தல. நான்சி அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறா. சவுண்டு பாக்குறவரு மறுபடி கண்ணாடியத் தொடைக்கிறாரு. மூச்சு வாங்க நானாத்தான் நிறுத்தினேன்.

“ஒரே டேக்கு”ன்னாரு. நல்லதுதானே அது? நீங்க சொன்னாச் சரி.

ஆனா பாருங்க, நான் அவ்வளவு பேசினதுல நாயகம் மொத வரியை மட்டும் வச்சுக்கிட்டான். “சோறு ஆறுது, எந்திரிச்சு வாங்க.” மிச்சத்தையெல்லாம் எடுத்துட்டான். எனக்கு வந்துச்சே கோவம். அவங்கப்பா மாதிரியேதான். நான் பேசினா முழுசாக் கேக்குற பழக்கம் இந்த வீட்டுல யாருக்கும் கிடையாது.

உள்ள இப்ப எல்லாத்தையும் ஒண்ணாச் சேக்குறாங்க. நாலரைக்குள்ள வெளிய வந்துருவாங்க, நீங்க கவலைப்படாதீங்க. ராத்திரிக்குள்ள அனுப்பிருவேங்கான்.

நான் வெளிய வர்றதுக்கு முன்னாடி அந்தக் கடைசி இடத்தை மட்டும் ஒரு தடவை போட்டுக் காட்டினான். சுவரு வருது. நான் கூப்பிடுறேன், “சோறு ஆறுது, எந்திரிச்சு வாங்க”ன்னு. அப்புறம் ஒண்ணுமே இல்ல. சுவரு மட்டும் இருக்கு. நான் விரல் விட்டு எண்ணினேன், முப்பது செகண்டுக்கு மேல. குக்கரு இல்ல, கதவு இல்ல, காக்காகூட இல்ல. “அந்த இடத்துல என்னல வரும்?”னு கேட்டேன்.

“ஒண்ணும் வராதும்மா”ன்னான்.

நான் வாயைத் தெறக்கல. இதுல சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. படம் முழுக்க அங்கங்க தப்பாத்தான் எடுத்திருக்கான், அதை நான் யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுவேன். ஆனா நான் கூப்பிட்டதுக்கப்புறம் இருக்குதே, அந்த இடம், அதை மட்டும் அவன் சரியா எடுத்திருக்கான்.